நூறு சதவீதம் கரைந்தது

காலை ஐந்தே முக்காலுக்கு எழுவோம். நான் பால் காய்ச்சுவேன். ஜெசிந்தா பல் தேய்த்துவிட்டு வந்து சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து, கைப்பேசியை இடது மார்பின் மேல் வைத்துக்கொள்வாள். பத்து விநாடி. அதுவரை பேசக் கூடாது. பேசினால் முதலிலிருந்து. பீப் சத்தம் வரும். 'இன்று ஏதேனும் தொந்தரவு உண்டா?' என்று செயலி கேட்கும். 'இல்லை' என்பதை அழுத்துவாள். அப்புறம்தான் எண் வரும்.

"அறுபத்து நாலு."

"நேத்தும் அதானே?"

"நேத்து அறுபத்து மூணு புள்ளி எட்டு. ஒழுங்கா கேளுங்க."

பிறகு இரத்தம் உறையாமல் இருக்க இரண்டு மாத்திரை. ஒன்று வெள்ளை, ஒன்று இளஞ்சிவப்பு. ஒரு டம்ளர் தண்ணீர். கழுத்தில் விசில். ஏழு இருபது பஸ்.

இரண்டு வருடம் நாலு மாதம் எங்கள் காலை இதுதான். இப்போதும் ஐந்தே முக்காலுக்கு விழிப்பு வருகிறது. பால் காய்ச்சுகிறேன். அரை லிட்டர் பாக்கெட்தான் வாங்குகிறேன். பாதி கெட்டுப்போகிறது.

ஜெசிந்தா ஒரு பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர். இருபத்தொன்பது வயதில், மைதானத்தில் கபடிக் கோடு போட்டுக்கொண்டிருந்தவள், சுண்ணாம்பு வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தானும் உட்கார்ந்துவிட்டாள். பரம்பரைக் கொழுப்பு. அவள் அப்பா முப்பத்தெட்டில் போனவர். இதயத்தின் முன்பக்கக் குழாயில் எண்பது சதவீத அடைப்பு என்றார்கள்.

டாக்டர் மகபூபின் அறையில், டை கட்டிய ஸ்டென்ட் கம்பெனி ஆள் ஒருவரும் இருந்தார்.

"மெட்டல் ஸ்டென்ட் வெச்சா கடைசி வரைக்கும் உள்ளேயே இருக்கும் மேடம். உங்களுக்கு சின்ன வயசு. இது குழாயைத் தாங்கிப் பிடிச்சு ஆற வெச்சிட்டு, ரெண்டு மூணு வருஷத்துல தானா கரைஞ்சு போயிடும்."

"போகும்போது சொல்லிட்டுப் போகுமா?" என்றாள் ஜெசிந்தா.

அவர் முகம் மலர்ந்தது. "சொல்லும் மேடம்! அதுதான் எங்க ஸ்பெஷாலிட்டி. ஸ்டென்டோட ஒரு சென்சார் இழையும் சேத்துப் பின்னியிருக்கோம். எவ்வளவு கரைஞ்சிருக்குன்னு தினமும் உங்க போனுக்கே சொல்லும்."

நான் டாக்டரைப் பார்த்தேன். அவர் பேனாவை மூடிவிட்டுச் சொன்னார்: "கரையுற ஸ்டென்ட்ல எனக்கு இருந்த பயம் ஒண்ணுதான். எல்லா இடமும் ஒரே சீராக் கரையாது. பாதி கரைஞ்ச துண்டு, பிடிப்பு விட்டு ரத்தத்துக்குள்ள ஆடும். அதைச் சுத்தி ரத்தம் உறையும். அந்த நேரத்துல மாத்திரையை நிறுத்தியிருந்தா போச்சு. இப்ப அளவு தெரியுது. அளவு தெரிஞ்சா பயமில்ல."

அளவு தெரிந்தால் பயமில்லை. என் தொழிலே அளவுதான். அதனால் நான் தலையாட்டினேன்.

நகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் அளவுக்கருவிப் பொறியாளன் நான். ஊரில் நாற்பத்து மூன்று மேல்நிலைத் தொட்டிகள். ஒவ்வொன்றிலும் தண்ணீர் மட்டம் சொல்லும் சென்சார். அலுவலகச் சுவரில் எங்கள் உதவிப் பொறியாளர் கலைமதி மேடம் ஒரு தாளை ஒட்டி வைத்திருக்கிறார். 'சென்சார் பேசவில்லை என்றால் ஆள் ஏற வேண்டும்.' அவ்வளவுதான் விதி. ஒரு முறை, சென்சார் செத்துப்போன தொட்டி ஒன்றைத் திரை 'நிரம்பியது' என்று காட்டியது. நாங்கள் வால்வை மூடிவிட்டோம். ஒரு வார்டுக்கு மூன்று நாள் தண்ணீர் இல்லை. குடத்தோடு வந்த பெண்கள் கலைமதி மேடத்தைக் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது. அன்றிலிருந்து, சென்சார் மௌனமானால் எண்பதடி ஏணியில் ஒருவன் ஏறி, மூடியைத் திறந்து, தன் கண்ணால் தண்ணீரைப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அந்த ஒருவன் நான்.

தெற்குத் தொட்டியின் ஏணியில் உச்சியிலிருந்து ஐந்தாவது படி ஆடும். ஒருநாள் சாப்பிடும்போது சொன்னேன்.

"வெல்டிங் வைக்கச் சொல்லி எழுதிக் குடுங்க."

"ரெண்டு தடவை குடுத்தாச்சு ஜெசி."

"உங்க கையெழுத்து யாருக்கும் புரிஞ்சிருக்காது. மூணாவது தடவை நான் எழுதித் தர்றேன்."

எழுதியும் தந்தாள். பள்ளி விடுமுறைக் கடிதம் மாதிரி இருந்தது. அதையும் கொடுத்தேன்.

பிப்ரவரி இரண்டாம் வாரம். ஒரு நாள் காலை தொண்ணூற்றொன்று. மறுநாள் காலை திரை முழுக்கப் பச்சை. மேலிருந்து பூக்கள் விழுந்தன. 'வாழ்த்துகள்! உங்கள் ஸ்டென்ட் 100% கரைந்துவிட்டது. இளஞ்சிவப்பு மாத்திரையை இன்றுடன் நிறுத்தலாம். உங்கள் மருத்துவருக்குத் தகவல் அனுப்பப்பட்டது.'

ஜெசிந்தா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நேத்து தொண்ணூத்தொண்ணு. இன்னைக்கு நூறா?"

"கடைசியில வேகமாக் கரையும்போல. காபியில சர்க்கரை கரையுற மாதிரி."

சொன்னது நான். பொறியியல் படித்தவன். அலுவலகத்தில் ஒரு தொட்டி ஒரே இரவில் தொண்ணூற்றொன்றிலிருந்து நூறுக்குத் தாவினால், கையெழுத்துப் போடுமுன் ஏணியை நோக்கி நடக்கிறவன்.

மருத்துவமனைக்கும் போன் செய்தோம். வரவேற்பில் இருந்த பெண், "சிஸ்டத்துல பச்சை காட்டுது சார், நிறுத்திடலாம்" என்றாள். ஜெசிந்தா பள்ளியில் மைசூர்பாகு கொடுத்தாள். மிச்சமிருந்த ஒன்றரை அட்டை மாத்திரையைத் தூக்கிப் போட மனமில்லாமல் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

பத்தொன்பதாம் நாள், பகல் பன்னிரண்டு ஐந்துக்கு, பள்ளியிலிருந்து மருத்துவமனைக்குப் போகும் ஆம்புலன்சில் இறந்தாள். நான் தெற்குத் தொட்டியிலிருந்து இறங்கி, வண்டியை எடுக்கும்போது தலைமையாசிரியை கூப்பிட்டார். அதற்கு முன் எனக்கு வேறொரு அழைப்பும் வந்திருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

பிரேதப் பரிசோதனை அறிக்கை ஒன்றரைப் பக்கம். இதயத்தின் முன்பக்கக் குழாயில் இரத்தக் கட்டி. கட்டிக்குள், நகத்துண்டு போல ஒளி ஊடுருவும் மூன்று துணுக்குகள்.

அதைக் கம்பெனிக்கு அனுப்பினேன். பதில் வந்தது. 'ஆழ்ந்த இரங்கல். இறப்பின்போது நோயாளியின் உடலில் எங்கள் சாதனம் இல்லை. எனவே இது சாதனம் சார்ந்த சிக்கல் ஆகாது. துணுக்குகள் பழைய திசுவாக இருக்கலாம். அன்று காலை 6.15க்கு நோயாளி இறுதியாகக் கூறியது: தொந்தரவு இல்லை. வகை: பிற காரணங்கள்.'

அந்த 'இல்லை'யைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நூறு வந்த பிறகும் செயலி தினமும் கேட்டது, அவளும் பழக்கத்தில் அழுத்திக்கொண்டிருந்தாள். அதை அழுத்தாமல் எண் வராது. 'உண்டு' என்பதை அழுத்தினால் நாற்பது கேள்விகள் திறக்கும். ஏழு இருபது பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவள் எதை அழுத்துவாள்? இரண்டு வருடம் நாலு மாதத்தில் அவளுக்குத் தலைவலி வந்திருக்கிறது, காய்ச்சல் வந்திருக்கிறது, கரு கலைந்து ஒரு வாரம் படுத்திருக்கிறாள். எல்லா நாளும் 'இல்லை'தான். அதை வாக்குமூலம் என்று எழுதியிருந்தார்கள்.

கம்பெனியின் பாதுகாப்புப் பிரிவுத் தலைவர் ரகோத்தமன் போனில் பேசினார். மென்மையான குரல்.

"சார், உங்க இழப்பு எங்க இழப்பு."

"உங்க வீட்ல யாரு செத்தா?"

"எங்க முறைப்படி இதை மூடிட்டோம் சார்" என்றார்.

விட்டிருப்பேன். அப்போது எதற்கும் எனக்குத் தெம்பில்லை. பெரியநாயகம்தான் விடவில்லை. அவர் பஸ் கண்டக்டர். ஜெசிந்தாவுக்கு வைத்த அதே வாரம், அதே மருத்துவமனையில் அவருக்கும் வைத்தார்கள். காத்திருக்கும் பெஞ்சில் அவர்கள் இருவரும் எண்களைச் சொல்லிப் போட்டி போடுவார்கள். "டீச்சரம்மா எக்ஸ்பிரஸ். நான் எல்லா ஸ்டாப்பிங்லயும் நின்னு வர்ற டவுன் பஸ்" என்பார்.

துக்கம் கேட்க வந்தவர், காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்: "தம்பி, எனக்கு எண்பத்தெட்டு காட்டுது."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"நாளைக்கு எழுந்து பாத்தா நூறுன்னு பூ கொட்டிச்சுன்னா நான் என்ன பண்றது?"

"மாத்திரையை நிறுத்தாதீங்க."

"நிறுத்தக் கூடாதுன்னு நீங்க சொல்லலாம். நமக்கு இன்சூரன்ஸ் அட்டையில மாத்திரை. நூறு காட்டினா மருந்துச் சீட்டு தானா நின்னுடும். கவுன்டர்ல போய், டீச்சரம்மா செத்துட்டாங்க, எனக்கு மாத்திரை குடுங்கன்னு கேட்டா குடுப்பானா?" காபியைக் குடிக்காமலே கீழே வைத்தார். "அவங்க சாவு அந்தக் கணக்குல ஏறணும் தம்பி. ஏறினாத்தான் அந்தப் பூ கொட்டுறது நிக்கும்."

இந்த ஸ்டென்ட் வைத்தவர்கள் மூவாயிரத்து நானூறு பேர். ஒருவரைத்தான் எனக்குத் தெரியும். அந்த ஒருவர் என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

மருத்துவச் சாதனங்களை விசாரிக்கும் குழுவுக்கு மனு போட்டேன். ஆறு வாரம் கழித்துச் சென்னைக்குக் கூப்பிட்டார்கள். பெரியநாயகம் லீவு போட்டுவிட்டுக் கூடவே வந்தார். அன்று காலை அவர் எண் எண்பத்தொன்பது புள்ளி ஏழு.

நான்காவது மாடியில் நீள மேசை. தலைவர் டாக்டர் தில்லைக்கரசி. பக்கத்தில் இரண்டு உறுப்பினர்கள். எதிரே ரகோத்தமன், ஒரு மடிக்கணினியுடன். டாக்டர் மகபூபும் வந்திருந்தார். என் கண்ணைப் பார்க்கவில்லை.

பேச அனுமதி கேட்டு ரகோத்தமனிடம் திரும்பினேன். "நூறுன்னு எப்ப காட்டும்?"

"இழை முழுசாக் கரைஞ்சதும்."

"முழுசாக் கரைஞ்சா அதுகிட்டேருந்து சிக்னல் வருமா?"

"வராது."

"அப்ப சிக்னல் வராட்டி நூறுன்னு போடுறீங்க."

"சிம்பிளாச் சொன்னா... ஆமா."

"இழை வேற காரணத்தால அறுந்துபோனா?"

"சிக்னல் வராது."

"என்ன காட்டும்?"

அவர் மடிக்கணினியைப் பார்த்தார். "நூறு."

"வளைவான இடத்துல இழை முதல்லயே கரைஞ்சு, ஸ்டென்ட் மிச்சம் இருந்தா?"

"அதுக்கு வாய்ப்பு ரொம்பக் குறைவுன்னு எங்க ஆய்வு..."

"என்ன காட்டும் சார்?"

"நூறு."

"எங்க ஊர்ல நாப்பத்து மூணு தண்ணித் தொட்டி இருக்கு," என்றேன். "சென்சார் பேசலைன்னா ஆள் ஏறணும். வெறும் தண்ணிக்கே அந்த விதி. நீங்க ஒருத்தரையாவது ஏத்திப் பாத்தீங்களா? நூறு காட்டின யாருக்காவது ஒரு ஸ்கேன் எடுத்தீங்களா?"

"நூறு ஆன பிறகு ஸ்கேன் எதுக்கு சார்? அதைத் தவிர்க்கத்தான் சென்சாரே."

பெரியநாயகம் பின்னாலிருந்து, "டிக்கெட் வாங்கின ஆள் இறங்கிட்டாரான்னு பாக்காம ட்ரிப்ப முடிச்சிட்டாங்க" என்றார். தலைவர் அவரை அமைதியாக இருக்கச் சொன்னார். ஆனால் எழுதிக்கொண்டார்.

ரகோத்தமன் இருமிவிட்டுத் தொடர்ந்தார். "மேடம், குறைகளை ஆராய நாங்க தயார். ஆனா விதி தெளிவா இருக்கு. சாதனம் இருக்கும்போது வர்ற சிக்கல்தான் சாதனத்தோட சிக்கல். இல்லாத பொருள் எப்படித் தப்புப் பண்ணும்?"

அந்த வாக்கியத்தை அவர் முன்பே பலமுறை சொல்லியிருக்க வேண்டும். தடுக்கி விழாமல் வந்தது. இருக்கும்போது பொறுப்பு. இருக்கிறதா என்று சொல்வது அதுவே. இல்லை என்று அது சொல்லிவிட்டால், பிறகு செத்தவர்களெல்லாம் தாங்களாகச் செத்தவர்கள். நூறு காட்டியபின் இறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டேன். 'பிற காரணங்கள்' பட்டியலை அவர்கள் பராமரிப்பதில்லையாம்.

தில்லைக்கரசி மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "அமலன், உங்க கோபம் புரியுது. ஆனா விதியில இன்னும் ஒரு வழிதான் இருக்கு. நூறு காட்டின பிறகும், இறக்குறதுக்கு முன்னால நோயாளி இதயம் சம்பந்தமா ஏதாவது தொந்தரவு சொல்லியிருந்தா, அதைச் சாதனத்தோட சிக்கலா எடுத்துக்கலாம். செயலியில 'இல்லை'ன்னு இருக்கு. நேர்ல கேட்ட சாட்சி இருந்தாலும் போதும். பள்ளியில யார்கிட்டயாவது சொன்னாங்களா?"

பள்ளியில் யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டு மாதமாக நான் யாரிடமும் சொல்லாதது இதுதான். என் அம்மாவிடம் சொல்லவில்லை. ஜெசிந்தாவின் அண்ணனிடமும் சொல்லவில்லை. ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய ஒரு முறை கோயிலுக்குப் போய், வரிசையில் நின்று, முறை வருமுன் திரும்பிவிட்டேன்.

பெரியநாயகத்தைப் பார்த்தேன். சட்டைப்பைக்குள் கைப்பேசியோடு சேர்த்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எங்கிட்ட சொன்னா," என்றேன்.

தலைவர் பேனாவை எடுத்தார்.

"பதினொண்ணு இருபதுக்குப் போன் பண்ணினா. நான் தொட்டி உச்சியில இருந்தேன். சென்சார் பேசல, பாக்க ஏறியிருந்தேன். 'தாடை வலிக்குது, இடது கை கனக்குது, வெயில்ல நின்னதாலயா தெரியல'ன்னா. கைப்பையில அந்த மாத்திரை இருக்கு, ஒண்ணு போட்டுக்கட்டுமான்னு கேட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?" ரகோத்தமன் வேகமாகக் கேட்டார்.

"வேண்டாம்னு சொன்னேன். ஆப்பே நிறுத்தச் சொல்லிடுச்சே, தேவையில்லாம ஏன் போடுறேன்னு சொன்னேன்."

ரகோத்தமன் தலைவர் பக்கம் திரும்பினார். "மேடம், இது முக்கியம். மருத்துவ ஆலோசனை இல்லாம, கணவரே..."

"முடிக்க விடுங்க," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "நான் சொன்னது தப்பு. அதை எங்கே வேணும்னாலும் எழுதிக்குங்க, கையெழுத்துப் போடறேன். ஆனா அந்தத் தப்பை எனக்குச் சொல்லிக் குடுத்தது உங்க பச்சை. அவளுக்குச் சந்தேகம் இருந்தது. தொண்ணூத்தொண்ணு எப்படி நூறாச்சுன்னு முதல் நாளே கேட்டா. அவ நெஞ்சு அவகிட்ட ஒண்ணு சொல்லுச்சு. உங்க போன் வேற சொல்லுச்சு. நான் போனை நம்பினேன். ஒரு தண்ணித் தொட்டியை நம்பாத நான், இதை நம்பினேன். ஏன்னா பூ கொட்டுச்சு. உங்க ஆளுங்க உட்கார்ந்து அந்தப் பூவுக்கு வண்ணம் தேர்ந்தெடுத்திருக்காங்க. ஒரே ஒரு ஸ்கேன் எடுக்க அவங்களுக்குத் தோணல."

டாக்டர் மகபூப் எழுந்தார். முதல் முறையாக என்னைப் பார்த்தார். "அந்த ஒரு மாத்திரை அப்ப காப்பாத்தியிருக்குமான்னு சொல்ல முடியாது. காப்பாத்தியிருக்காதுன்னுதான் நினைக்கிறேன். ஆனா பத்தொன்பது நாளும் நிறுத்தாம இருந்திருந்தா அவங்க இன்னைக்கு ஸ்கூல்ல இருந்திருப்பாங்க. நிறுத்தினது இவர் இல்ல. எனக்கும் பச்சைதான் வந்தது. நானும் பாக்கல." உட்கார்ந்துவிட்டார்.

ஒன்பது நாள் கழித்து முடிவு வந்தது. சாதனம் சார்ந்த சிக்கல். எண்ணிக்கை: ஒன்று. மாத்திரையை நிறுத்தச் சொல்லும் செய்தியை உடனே விலக்க வேண்டும். ஸ்கேன் இல்லாமல் யாரையும் நூறு என்று அறிவிக்கக் கூடாது.

கம்பெனி கீழ்ப்படிந்தது. எப்படி என்றால், செயலியைப் புதுப்பித்தது. இப்போது இழை மௌனமானால் தொண்ணூற்றொன்பது காட்டுகிறது. அங்கேயே நிற்கிறது. ஸ்கேனுக்கு யாரையும் கூப்பிடவில்லை. நூறு என்று சொல்வதில்லை, அதனால் ஸ்கேன் தேவையில்லை என்று விளக்கம். அதற்கும் மனு போட்டிருக்கிறேன். மூன்றாவது தடவையும் போடுவேன்.

பெரியநாயகம் போன வாரம் கூப்பிட்டார். "தம்பி, எண்பத்தொன்பதுலேருந்து ஒரே நாள்ல தொண்ணூத்தொன்பது. டெர்மினஸ் வாசல்லயே வண்டி நிக்குது. மாத்திரை மட்டும் குடுத்துக்கிட்டே இருக்கான். விழுங்கிக்கிட்டே இருக்கேன்." சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "டீச்சரம்மாவுக்கு ஒரு மெழுகுவத்தி ஏத்தினேன். நம்ம முறை இல்லதான். பரவால்லேல்ல?" என்றார்.

பரவாயில்லை என்றேன்.

நேற்று குழு அலுவலகத்திலிருந்து பதிவேட்டின் நகல் வந்தது. சரிபார்த்துக் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். பெயர், வயது, சாதன எண், தேதி. ஏழாவது கட்டம்: நோயாளி இறுதியாகக் கூறியது. அதில் இன்னும் 'தொந்தரவு இல்லை' என்றே இருந்தது.

அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எழுத்தர் நல்லவர். "அடிச்சிட்டு 'தாடை வலி, கை கனம்'னு எழுதிடுங்க சார். அதான் தீர்ப்புக்கு வேணும்."

"இறுதியாக் கூறியதுன்னு கேட்டிருக்கு. அது கடைசி இல்ல. அதுக்கப்புறமும் பேசினா."

"அப்படியா? அப்ப அதையும் கீழ எழுதிடுங்க. எடம் பத்துமா?"

பத்தும் என்றேன். கம்பெனியின் இரண்டு சொல்லையும் அடித்தேன். வலியை எழுதினேன். மாத்திரை கேட்டதை எழுதினேன். நான் வேண்டாம் என்றதையும் எழுதினேன். அதன் கீழே, கையெழுத்து எல்லோருக்கும் புரியும்படி, நிறுத்தி நிறுத்தி, அவள் உண்மையில் கடைசியாகச் சொன்னதை எழுதினேன்:

"சரிங்க, போடல. நீங்க பாத்து இறங்குங்க. அஞ்சாவது படி ஆடும்னு சொன்னீங்கல்ல."